மீர்ஷாம் பைப் என்று 14,800 ரூபாய்க்குத் தூளைத் தலையில் கட்டினார்கள்: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இணையத்தில் புகையிலை பிடிக்கும் பைப் விற்கும் கடை. பெயரைப் போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள், அதனால் போடவில்லை. "துருக்கி எஸ்கிஷெஹிர் மீர்ஷாம், கையால் செதுக்கியது" என்று சொல்லி 14,800 ரூபாய் வாங்கினார்கள். வந்தது அந்தக் கல்லின் முழுக்கட்டியில் குடைந்தது இல்லை. செதுக்கும்போது உதிரும் தூளையும் சில்லையும் பசை சேர்த்து அச்சில் அழுத்திய பைப். அதற்கு இந்த விலை அநியாயம்.

நம்பியதற்குக் காரணம் அந்த ஆள் பேசிய பேச்சு. புகையிலை போடும் கிண்ணத்தைச் சூட்டோடு விரலால் தொடாதீர்கள், மேலே பூசிய மெழுகில் கறை பிடிக்கும் என்றார். சூடாக இருக்கும்போது வாயில் வைக்கும் தண்டைக் கழற்றாதீர்கள், அது செருகும் கழுத்து முறியும் என்றார். தண்ணீரே படக்கூடாது என்றார். மூன்றும் சரியான பேச்சு. விஷயம் தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று பணம் போனது. பைப்போடு அதற்கென்றே அளவெடுத்துச் செய்த தோல் பெட்டியும் வந்தது. பெட்டி அசல்தான்!

மீர்ஷாம் என்பது செபியோலைட் என்ற மக்னீசியக் கனிமம். உள்ளே முழுக்க நுண்துளை. புகையில் வரும் ஈரத்தையும் தாரையும் அந்தத் துளைகள் குடித்துவிடும், அதனால்தான் புகை உலர்ந்து, சூடு தணிந்து வரும். பிரையர் மரக் கிண்ணத்துக்கு உட்சுவரில் ஒரு மில்லிமீட்டர் அளவு கரி படிந்தால்தான் மரம் எரியாமல் நிற்கும், மீர்ஷாமுக்கு அது வேண்டாம். வெளியே பூசிய தேன்மெழுகு சூட்டில் உள்ளிறங்கி, குடித்த தாரோடு கலந்து, பெரும்பாலும் கழுத்துப் பக்கமிருந்து மஞ்சளாகத் தொடங்கி மெல்லத் தேன் நிறத்துக்குப் போகும். பசை போட்டு அழுத்தியதில் பாதித் துளை அடைந்துபோகும். ஈரம் போக இடமில்லாமல் அடியில் தேங்கும்.

நடந்ததும் அதுதான். முப்பது தடவை நிரப்பியும் கழுத்து சுண்ணாம்பு வெள்ளையாகவே நின்றது. பாதிக் கிண்ணம் தாண்டினாலே கொளகொளவென்று சத்தம், நாக்கில் கசப்புத் தண்ணீர். கிண்ணம் பிடிக்க முடியாத சூடு. போன வாரம் புகைத்துளையை ஒட்டி மயிரிழை விரிசல் விட்டு ஒரு சில்லு கையோடு வந்துவிட்டது. உடைந்த இடம் முழுக்கத் துகள், நடுநடுவே பசையின் மினுமினுப்பு. மெழுகேறாத நல்ல கட்டி காய்ந்திருந்தால் தண்ணீரில் மிதக்கும். இது போட்டதும் அடியில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் படக்கூடாது என்று அவ்வளவு அழுத்திச் சொன்னது இப்போதுதான் உறைக்கிறது.

கேட்டதற்கு முதல் பதில்: "வேகமா இழுக்கறீங்க சார்." இரண்டாவது: "உள்ள கரி படியட்டும் சார், சரியாயிடும்." பிரையருக்குச் சொல்வதை மீர்ஷாமுக்குச் சொல்கிறார்! கரி தடிமனாகப் படிந்தால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளக்கும். முதல் நாள் அவ்வளவு சரியாகப் பேசியவருக்கு இது தெரியாமலா இருக்கும்? மூன்றாவது: உபயோகித்த பைப், சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க மாட்டோம். 10 நாள் கெடுவும் முடிந்துவிட்டதாம். 10 நாளில் எந்த மீர்ஷாம் நிறம் காட்டும்? உடைந்த சில்லின் படத்தை அனுப்பியதும் கடைசிப் பதில் வந்தது: "அதுவும் மீர்ஷாம்தானே சார், நாங்க கட்டின்னு எங்க போட்டோம்?" திரும்பப் போய்ப் பார்த்தால், ஆமாம், விளம்பரத்தில் அந்தச் சொல் இல்லை. வாயால் சொன்னதோடு சரி. பிறகு என் போன் எண்ணை முடக்கிவிட்டார்கள். 14,800 ரூபாய்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. "ஜெனுவின் மீர்ஷாம்" என்ற சொல் கட்டிக்கும் பொருந்தும், தூளுக்கும் பொருந்தும். பிளாக்கா (கட்டி), பிரெஸ்டா (அழுத்திய தூள்) என்று எழுத்தில் வாங்குங்கள். கிண்ணத்தின் உட்சுவரை நல்ல வெளிச்சத்தில் படம் கேளுங்கள். கட்டியில் லேசான நரம்பும் நிறத்திட்டும் இருக்கலாம், சாக்பீஸ் மாதிரி ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். எடையைக் கிராமில் கேட்டு, அதே அளவு கட்டி பைப்போடு ஒப்பிடுங்கள், தூள் கனக்கும். புதிதாகவே தேன் நிறத்தில் வந்தால் வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டு அடிப்பக்கம் துடைத்துப் பாருங்கள், சாயம் பூசியிருந்தால் இறங்கும். இதையெல்லாம் புகையிலை நிரப்புவதற்கு முன்னால் செய்யுங்கள், ஒரு தடவை பற்றவைத்துவிட்டால் திரும்ப எடுக்கமாட்டார்கள்.