அஸ்வெசும மாற்றுத்திறனாளி கொடுப்பனவு: பராமரிக்கிறவர் கையில் என்ன மிஞ்சும்?

படுக்கையில் கிடக்கும் தாய் தகப்பனைப் பார்ப்பதற்காக வேலையை விட்டவருக்கென்று இலங்கையில் தனிக் கொடுப்பனவு கிடையாது. லண்டன் சொந்தக்காரர் சொல்லும் 'கெயரர்ஸ் அலவன்ஸ்' மாதிரி ஒன்றைத் தேடிக் கந்தோர் கந்தோராக ஏறவேண்டாம். இங்கே வருவது அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரித் திட்டத்தில் நோயாளியின் பெயரில் வரும் காசு. வருமானம் குறைந்த குடும்பத்து மாற்றுத்திறனாளிக்கு, 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 10,000 ரூபாய், முன்னர் 7,500. சிறுநீரக நோயாளருக்கும் அதே தொகை. 70 கடந்த முதியோருக்கு 5,000.

காணுமா? பெரியவர்களுக்கான பம்பர்ஸ் நாளுக்கு மூன்று என்றால் மாதம் 90, அதாவது பத்துத் துண்டுப் பைக்கட் ஒன்பது. பைக்கட் 1,100 ரூபாய் என்றாலே 9,900 முடிந்தது. மிச்சம் 100 ரூபாய் கிளினிக்குக்குப் போகிற ஓட்டோவுக்கே காணாது. பகலில் பழைய வேட்டித் துணி, இரவில் மட்டும் பம்பர்ஸ் என்று சமாளிக்கிற வீட்டில்தான் மருந்துக்கு ஏதும் மிஞ்சும்.

விண்ணப்பிக்க முதலில் விதானையார் (கிராம அலுவலர்), பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தர். மருத்துவ அறிக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'பாரிசவாதம்' என்று நோயின் பெயரை மட்டும் எழுதிய துண்டு பெரிதாக உதவாது. தானாக எழும்ப ஏலுமா, குளிக்க, சாப்பிட, மலசலகூடம் போக ஆள் துணை வேண்டுமா என்பதை வைத்தியர் எழுதவேண்டும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய்க் கேட்டு எழுதுவித்தால் இரண்டாம் தரம் அலையத் தேவையில்லை. நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்கு வள்ளமேறி வருகிறவருக்கு அந்த இரண்டாம் தரம் என்பது ஒரு முழுநாள்.

அடுத்த சிக்கல் பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. அல்லது வங்கியில் பழைய 9 இலக்க எண், விண்ணப்பத்தில் புதிய 12 இலக்க எண். விண்ணப்பம் கொடுக்க முதலே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள். வெளிநாட்டுப் பிள்ளை அனுப்புகிற காசை மறைத்து எழுதுவதும் புத்தியில்லை. அயலில் ஒருவர் ஆட்சேபனை போட்டால் விசாரணையில் வெளிவந்துவிடும்.

சக்கர நாற்காலிக்கு இந்தக் காசைக் கரைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் முதலில் விசாரியுங்கள். செயற்கைக் காலுக்கும் அதே இடந்தான்.

இந்தச் சேவையின் ஆகப்பெரிய ஓட்டை, காசை எடுப்பது. கணக்கு நோயாளியின் பெயரில்; கையொப்பம் வைக்க அவருக்கு ஏலாது. நினைவு தெளிவாக இருந்தால் பெருவிரல் அடையாளம், கூட்டுக் கணக்கு, நொத்தாரிசு முன் அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் அலுவல் பார்க்கக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) என்று வழி உண்டு. நினைவு தப்பிய பிறகு எழுதும் அற்றோணி செல்லாது. ஆகவே ஆள் பேசிக்கொண்டிருக்கும் முதல் வாரங்களிலேயே வங்கி அலுவலை முடியுங்கள். விண்ணப்பத்தைப் பிறகும் கொடுக்கலாம்.