5.9 கம்மின்ஸ் பிக்கப்புக்கு பேக்பிரேக் எக்ஸாஸ்ட் பிரேக்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய டாட்ஜ் ராம் 2500, 3500 பிக்கப்களில் வரும் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், ஏற்றத்தில் எதையும் இழுத்துக்கொண்டு போகும். இறக்கத்தில் மட்டும் வண்டியைப் பிடித்து நிறுத்த அதற்குத் தெம்பு கிடையாது. பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் தகடு மூடிக் காற்றை மறிக்கும். இந்த டீசலில் அந்தத் தகடே இல்லை. காற்று தாராளமாக உள்ளே வருகிறது. பிஸ்டன் அதை அழுத்துகிறது. அழுத்திய காற்று மறுபடி பிஸ்டனையே கீழே தள்ளிவிடுகிறது. கொலராடோவில் ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டி ஐ-70 சாலை 7 சதவீதச் சரிவில் இறங்கும். அங்கே கனமான ட்ரெய்லரோடு கால் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பேட் காய்ந்து, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தரை வரை போய்விடும்.

இந்தக் குறைக்கு கனடாவின் பேக்பிரேக் நிறுவனம் தரும் தீர்வுதான் பி.ஆர்.எக்ஸ்.பி. என்ற எக்ஸாஸ்ட் பிரேக். டர்போவுக்குப் பின்னால், புகை வெளியேறும் வழியில் உட்காரும் ஒரு பட்டர்ஃபிளை வால்வு இது, அதாவது குழாய்க்குள் திரும்பி வழியை மூடும் தகடு. காலை எடுத்ததும் 12 வோல்ட் கம்ப்ரெஸரின் காற்று வால்வை மூடும். அதன்பின் காற்றை வெளியேற்றப் பிஸ்டன் மேலே வரும் ஒவ்வொரு முறையும், அடைபட்ட குழாய்க்குள்ளேயே காற்றைத் திணிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமம்தான் பின் சக்கரத்தில் பிரேக்காகத் தெரிகிறது. பெரிய லாரிகளின் ஜேக் பிரேக் வேறு சங்கதி. அது சிலிண்டரில் அழுத்திய காற்றை வால்வு திறந்து வெளியே விடும், அதனால்தான் அந்த இடிச் சத்தம். எக்ஸாஸ்ட் பிரேக்கில் ஒரு சீறல் மட்டும்தான் கேட்கும்.

பழைய வகை பிரேக்குகளில் தகட்டில் ஒரு துளை மட்டும் இருக்கும். இன்ஜின் அதிகபட்ச வேகத்தில் ஓடும்போது அழுத்தம் எல்லை மீறாதபடி அந்தத் துளையைப் பெரிதாக வைக்க வேண்டும். விளைவாக 1,800 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 1,800 சுற்று) காற்றெல்லாம் துளை வழியே நழுவி, பிரேக் பெயருக்கு மட்டும் இருக்கும். பி.ஆர்.எக்ஸ்.பி.யில் துளைக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த பைபாஸ் வால்வு உள்ளது. அழுத்தம் எல்லையைத் தொட்ட பிறகுதான் அது திறக்கும். நடுத்தர ஆர்.பி.எம்.மிலேயே நல்ல பிடி கிடைப்பது இதனால்தான். கொடுக்கும் கூடுதல் பணம் முழுக்க இந்த ஒரு விஷயத்துக்குத்தான், அது நியாயமான பணம்.

ஆனால் பிரேக் வால்வு மட்டும் நன்றாக இருந்து பயனில்லை, சுற்றியிருப்பவை சரியாக இருக்க வேண்டும். 1998 நடுவிலிருந்து வந்த 24 வால்வு இன்ஜின் எக்ஸாஸ்ட் குழாயில் சேரும் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) பின்னழுத்தத்தைத் தன் வால்வு ஸ்பிரிங்கிலேயே தாங்கும். அதற்கு முந்தைய 12 வால்வு இன்ஜின் தாங்காது. பக்கத்து சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தம், மூடியிருக்க வேண்டிய எக்ஸாஸ்ட் வால்வைப் பின்பக்கமாகத் தள்ளித் திறந்துவிடும். அது திரும்ப வந்து, தான் உட்காரும் சீட்டில் அறைந்து அறைந்து சீட் கெடும். ஆறு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் 60 பவுண்டு ஸ்பிரிங் போட்ட பிறகுதான் முழு அழுத்தம் வைக்கலாம். ஸ்பிரிங் மாற்றாமல் பொருத்திக்கொடுக்கிறேன் என்று சொல்லும் பட்டறையில், குறைந்த அழுத்தத்துக்கு செட் செய்வார்களா என்று கேளுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மேனுவல் கியர் வண்டிக்கு வேலை சுலபம்: கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச், ஆக்சிலரேட்டரில் ஒரு சுவிட்ச். கிளட்ச் மிதித்தும் பிரேக் விடவில்லையென்றால் இன்ஜின் நின்றுவிடும். கால் வைத்த பிறகும் வால்வு மூடியே இருந்தால் எரிந்த புகைக்குப் போக்கிடம் இல்லாமல் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். சுவிட்சின் செட்டிங்கை அவசரப்படாமல் சரிபார்க்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக்தான் பலர் ஏமாறும் இடம். இந்த பிக்கப்களில் வந்த 47 ஆர்.இ. கியர்பாக்ஸ், காலை எடுத்ததும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப்பை (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் பிடியை) விட்டுவிடும். சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் இடையே வெறும் ஆயில்தான் மிஞ்சும், ஆர்.பி.எம். சரிந்து பிரேக் காணாமல் போகும், ஆயில் மட்டும் காயும். லாக்-அப்பைப் பிடித்துவைக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் இதில் எக்ஸாஸ்ட் பிரேக் வாங்குவது வீண். கன்வெர்ட்டர் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

பொருத்திய பிறகு பிடி குறைவாகத் தெரிந்தால் உடனே வால்வைக் குறை சொல்ல வேண்டாம். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரங்களில் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். இந்த இன்ஜினின் ஒற்றைத் துண்டு மேனிஃபோல்ட் சூட்டில் சுருங்கி, கடைசி போல்ட்டுகளை முறிப்பது தெரிந்த கதை. அங்கே கசிந்தால் அழுத்தம் நிற்காது. வால்வுக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் வைத்தால் சந்தேகமே வராது.

பனிக்கு உப்புத் தூவும் ஊர்களில் வால்வின் தண்டு துருப்பிடித்து இறுகும். சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் கருகிக் கெட்டியாகிவிடும். அதிகச் சூடு தாங்கும் சிந்தெடிக் ஆயில் சில சொட்டு போதும். வண்டி காலியாக ஓடினாலும் பிரேக்கை அடிக்கடி போட்டு அசைத்துவையுங்கள்.

2007 நடுவில் வந்த 6.7 கம்மின்ஸுக்கு இதெல்லாம் தேவையில்லை. அதன் ஹோல்செட் டர்போவுக்குள் நகரும் வளையமே வழியைக் குறுக்கிப் பிரேக் வேலையையும் செய்கிறது. அந்த டர்போவைக் கழற்றிச் சாதாரண டர்போ போட்டால் பிரேக்கும் போய்விடும். பிறகு தனி வால்வு வாங்கத்தான் வேண்டும்.

எந்தப் பிரேக்கானாலும் ஏறின கியரில் அல்லது அதற்கும் ஒரு கியர் கீழே இறங்குங்கள், இன்ஜினின் அதிகபட்ச ஆர்.பி.எம்.மைத் தாண்ட விடாதீர்கள். டூ-வீல் டிரைவில் பிடிப்பு முழுவதும் பின் சக்கரங்களில்தான் விழும். பனிக்கட்டி படிந்த சாலையில் அவை வழுக்கினால் ட்ரெய்லர் பக்கவாட்டில் மடித்துத் தள்ளிவிடும். அங்கே சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும்.