ஸ்பர்ஜனின் ‘டிரெஷரி ஆஃப் டேவிட்’: சங்கீதங்களிலிருந்து செய்தி கொடுப்பவர்களுக்கு

வேதாகமத்தின் சங்கீதங்களுக்கு ஒரு நல்ல வியாக்கியானம், அதாவது விளக்கவுரை, சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரசங்கி சார்லஸ் ஸ்பர்ஜன். ஆங்கிலத்தில் அவர் எழுதிய ‘டிரெஷரி ஆஃப் டேவிட்’ ஏழு தொகுதிகள். சபையில் பெண்கள் கூடுகையில் சங்கீதங்களிலிருந்து செய்தி கொடுக்கிறவள் நான். வேதாகமக் கல்லூரியில் படித்தவள் அல்ல. என்னைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பர்ஜன் இதை ஒரே மூச்சில் எழுதவில்லை. 1865இல் அவர் தொடங்கிய மாத இதழில் பகுதி பகுதியாக வந்து, கடைசித் தொகுதி 1885இல் வெளியானது. இந்த இருபது வருடமும் லண்டனில் அவர் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்துக்கொண்டே இருந்தார். அது எழுத்தில் தெரிகிறது. ஒரு வசனத்தை விளக்கி முடித்த கையோடு, அதைக் கேட்கிறவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்.

23ஆம் சங்கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் மனப்பாடம், இனிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்போம். ஸ்பர்ஜன் முதலில் அது இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்கிறார். அதற்கு முன்னால் இருப்பது 22, சிலுவையின் சங்கீதம். அதைக் கடக்காமல் புல்லுள்ள இடங்களும் இல்லை, அமர்ந்த தண்ணீர்களும் இல்லை என்கிறார். பிறகு நாலாம் வசனத்தில் மரணத்தின் நிழலைப் பற்றிப் பேசும்போது, நாயின் நிழல் கடிக்காது, வாளின் நிழல் கொல்லாது என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். இவ்வளவுதான். ஆனால் துக்க வீட்டில் பேசப் போகிறவருக்கு இந்த ஒரு வரி போதும்.

நான் இந்த நூலை விடாமல் வைத்திருப்பது 88ஆம் சங்கீதத்துக்காக. தொடக்கம் முதல் கடைசி வரை இருட்டாகவே இருக்கும் சங்கீதம் அது. பிரசங்கங்களில் அதை அதிகம் தொட மாட்டார்கள். ஆறாம் வசனத்துக்கு வரும்போது, இதை விளக்குகிற நானும் அந்த மன வேதனையின் ஆழங்களை அறிந்தவன், வெளியே சொல்லத் துணிவதைவிட அதிகமாகவே அறிந்தவன் என்ற பொருளில் எழுதுகிறார். 1856 அக்டோபர் 19 அன்று லண்டனின் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யாரோ ‘நெருப்பு’ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு 22 வயது. மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. எங்கள் சபையில் ஒரு சகோதரி மகனை இழந்தபின் ஜெபிக்கவே முடியவில்லை என்றார். அவருக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. 88ஐயும் இந்தப் பகுதியையும் சேர்த்து வாசித்துக் காட்டினேன். “இவருக்கும் இப்படியா?” என்று கேட்டார். அப்புறம் அன்றைக்கு வெகுநேரம் பேசினார்.

சரி, நூலின் அமைப்பு. ஒவ்வொரு சங்கீதத்துக்கும் முதலில் அவருடைய விளக்கம், அடுத்து மற்ற ஆசிரியர்களிடமிருந்து சேகரித்த மேற்கோள்கள், பிறகு கிராமப் பிரசங்கிகளுக்கான குறிப்புகள். மேற்கோள்களில் பெரும்பங்கு தாமஸ் வாட்சன், ஜான் டிராப் போன்ற, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பியூரிட்டன் (தூய்மைவாத) போதகர்களுடையது. சில அருமை, சில வெறும் நீளம். எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை, கண்ணை ஓடவிட்டால் போதும். பிரசங்கக் குறிப்புகளை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். மூன்று தலைப்புகள் தயாராக இருப்பதைப் பார்த்ததும் அப்படியே எடுத்துப் பேசத் தோன்றும். சங்கீதத்தோடு நீங்கள் தனியாக உட்காரும் முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்தால், செய்தி அவருடையதாக இருக்கும், உங்களுடையதாக இருக்காது.

குறைகளும் உண்டு. எபிரெய மொழி நுணுக்கமும் வரலாற்றுப் பின்னணியும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் இது போதாது. வேதாகமத்தின் மிகப் பழைய எபிரெயப் பிரதிகளைக் கொண்ட சவக்கடல் சுருள்கள் 1947இல்தான் கிடைக்கத் தொடங்கின. அதன்பின் வந்த ஆய்வு எதுவும் இதில் இருக்க வழியில்லை. சில சங்கீதங்களில் தாவீதின் சூழ்நிலையைச் சரியாகப் பார்ப்பதற்குள் கிறிஸ்துவிடம் போய்விடுகிறார். நானும் கிறிஸ்துவைத் தேடித்தான் வாசிக்கிறேன், ஆனாலும் தாவீதோடு இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்று தோன்றும். அந்த நிதானம் வேண்டுமென்றால் பதினாறாம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் சங்கீத வியாக்கியானத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1557இல் வந்தது, சங்கீதங்களை ஆத்துமாவின் எல்லா உறுப்புகளையும் திறந்து காட்டும் நூல் என்று முன்னுரையில் சொன்னவர் அவர். அலங்காரம் குறைவு, வசனத்தை விட்டு விலக மாட்டார். வேதாகமம் முழுவதற்கும் ஒரே வியாக்கியானம் போதும் என்பவர்களுக்கு மத்தேயு ஹென்றி எழுதியது இருக்கிறது. அவரை ஒவ்வொரு ஊழியரும் ஒருமுறையாவது முழுவதும் வாசிக்க வேண்டும் என்று ஸ்பர்ஜனே எழுதியிருக்கிறார்.

பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பெரிய புத்தகங்களாக வரும் பதிப்பில் எழுத்து பொடியாக இருக்கும், கண் வலிக்கும். சுருக்கப் பதிப்புகளில் மேற்கோள்களை வெட்டியிருப்பார்கள். அவசரத்துக்கு அது பரவாயில்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது, வாங்கும் முன் அதில் பார்த்துவிடுங்கள். தனித்தனியாக வாங்கினால் 119 முதல் 124 வரை மட்டுமே உள்ள ஆறாம் தொகுதியில் தொடங்காதீர்கள், மலைத்துப்போவீர்கள். முதல் தொகுதியில் 23 இருக்கிறது, நான்காவதில் 88. இந்த இரண்டும் முதலில் இருந்தால் போதும்.