பாலமா, மெட்ரோவா, டவுன் பஸ்ஸா: ஐயர் பங்களாவிலிருந்து பெரியாஸ்பத்திரி வரை

அம்மாவுக்குச் சர்க்கரை, கூடவே முட்டிவலி. மாதம் ஒரு தடவை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, போய்க் காட்டிவிட்டு மாத்திரை வாங்கி வர வேண்டும். எங்கள் வீடு ஐயர் பங்களாவுக்குப் பக்கத்தில், தூரம் என்று பார்த்தால் ஐந்தாறு கிலோமீட்டர்தான். மதுரைக்கு மேம்பாலம் வேண்டும், இல்லை மெட்ரோதான் வேண்டும், இல்லையில்லை பஸ் போதும் என்று ஆளுக்கொரு பக்கம் நின்று பேசுகிறோம், நானும் டீக்கடையில் குரலை உயர்த்திப் பேசியிருக்கிறேன். போன மாதம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கக் காத்து நின்றபோதுதான் தோன்றியது, இதில் ஒவ்வொன்றும் அம்மாவை வீட்டு வாசலிலிருந்து ஓ.பி. சீட்டு கொடுக்கிற ஜன்னல் வரை கொண்டுபோய்ச் சேர்க்குமா என்று வைத்துப் பார்த்தால் என்ன? வண்டி ஓட்டத் தெரியாத, வேகமாக நடக்க முடியாத ஒருவரை அளவுகோலாக வைத்தால் எது தேறுகிறது?

முதலில் மேம்பாலம், ஏனென்றால் அது ஏற்கெனவே தலைக்கு மேல் நிற்கிறது. நத்தம் ரோடு பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் திறந்தார்கள், தல்லாகுளத்தில் ஏறினால் ஊமச்சிகுளம் பக்கம் இறங்கலாம். பைக்கில் நானே போகிறேன், நத்தம் போகிறவருக்கும் துவரங்குறிச்சி வழியாகத் திருச்சி போகிறவருக்கும் அது பெரிய மிச்சம், அதில் மறுபேச்சு இல்லை. (கட்டும்போது 2021 ஆகஸ்டில் ஒரு பகுதி சரிந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்ததை மட்டும் மறக்க முடியவில்லை.) சரி, அம்மாவுக்கு அது என்ன செய்தது? பாலத்தின் மேல் ஸ்டாப் கிடையாது. அவர் ஏற வேண்டிய பஸ் கீழேதான் வருகிறது, அந்த பஸ்ஸைப் பிடிக்க இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும், நடுவில் தூண் வரிசை. பாதி ரோட்டைத் தாண்டி தூணோரம் நின்று எட்டிப் பார்த்தால்தான் அடுத்த பாதியில் என்ன வருகிறது என்றே தெரியும், அதற்குள் ஒரு பைக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடுவார். இதே ரோட்டில்தான் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. புத்தகப் பையோடு வருகிற பள்ளிப் பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும் இந்த ரோட்டைத்தான் கடந்தாக வேண்டும்.

பாலம் நெரிசலை இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான். மேலே மிச்சமான பத்து நிமிடத்தை இறங்கினவுடன் கோரிப்பாளையத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், ஏனென்றால் அதற்கப்புறம் இருக்கிறது வைகை மேல் 1880-களில் கட்டின ஏ.வி. பாலம், அதைத் தாண்டினால் சிம்மக்கல், அதற்குள்ளே மாசி வீதிகள். அதனால்தான் ஒரு பாலம் கட்டினால் அடுத்த பாலம் தேவைப்படுகிறது. காளவாசலில் 2020-இல் ஒன்று வந்தது, அப்புறம் கோரிப்பாளையம், மேலமடை என்று வரிசை நீண்டுகொண்டே போனது. பழைய கோட்டைச் சுவரை இடித்து வெளி வீதிகளைப் போட்ட பிளாக்பர்ன் கலெக்டர் காலத்தில் இடிக்க ஒரு சுவராவது இருந்தது. இன்றைக்கு மாசி வீதியை அகலப்படுத்த வேண்டுமானால் வீட்டையும் கடையையும்தான் இடிக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் பெரிய கவலை. மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிற வண்டி, ஓட்டுகிறவர் ஆளைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, முழுதாக நிற்க, காய்ந்த ரோட்டில் உத்தேசமாக 35 மீட்டர் ஆகும். 80-இல் வந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 70 மீட்டர் பக்கம். பாலத்தில் சிக்னல் இல்லாமல் 80-இல் வந்து பழகின கால், இறங்கினவுடன் 40-க்குக் குறைந்துவிடுமா? 2022-இல் மட்டும் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19 பேருக்கு மேல் வெறுமனே நடந்துபோனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021 டிசம்பரில் மாநில அரசு கொண்டுவந்தது நல்ல திட்டம், பல பேரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அது அடிபட்ட பிறகு வருகிற உதவி, அடிபடாமல் இருக்க ரோடு என்ன செய்கிறது என்பது தனிக் கேள்வி.

அடுத்து மெட்ரோ. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர், மதிப்பீடு 11,368 கோடி ரூபாய். திருப்பரங்குன்றம், ரயில்வே ஸ்டேஷன், சிம்மக்கல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி என்று ஊரின் முதுகெலும்பு வழியாகவே போகிற பாதை, ஊருக்குள் மட்டும் சுரங்கம். 2025 நவம்பரில் மத்திய அரசு இந்தத் திட்ட அறிக்கையையும் கோவையினுடையதையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டது, 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 20 லட்சம் பேர் இல்லை என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு இதில் கோபம் உண்டு. 2011-இல் 20 லட்சம் இல்லாத ஆக்ராவுக்கும் போபாலுக்கும் மெட்ரோ கொடுத்துவிட்டு, மதுரைக்கு மட்டும் பழைய கணக்கைக் காட்டுவது நியாயமாகப் படவில்லை. ஒத்தக்கடைப் பக்கம் 2004-இலிருந்து உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது, திருமங்கலம் வரை ஊர் நீண்டுவிட்டது, நமக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கோபத்தைத் தள்ளிவைத்து அம்மாவின் பயணத்தை எடுத்துக்கொண்டால் வேறு விஷயம் தெரிகிறது. நத்தம் ரோட்டுக்கு மெட்ரோ வரப்போவதில்லை. திருமங்கலம்-ஒத்தக்கடை மெட்ரோ வந்தாலும் ஐயர் பங்களாக்காரரும், அலங்காநல்லூர் ரோட்டுக்காரரும், அவனியாபுரத்துக்காரரும் முதலில் ஒரு பஸ்ஸைப் பிடித்துத்தான் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அந்த பஸ் அரை மணிக்கு ஒன்று என்றால், மெட்ரோ ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்து என்ன புண்ணியம்? காசுக் கணக்கும் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 355 கோடி ஆகிறது. ஒரு நல்ல தாழ்தள பஸ் ஒரு கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் விலையில் 355 பஸ் வாங்கலாம். பஸ்ஸுக்கு டிரைவர், கண்டக்டர், எரிபொருள், டிப்போ என்று தினச் செலவு உண்டு, அதை மறைத்துப் பேசினால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது, மெட்ரோவுக்கும் அந்தத் தினச் செலவு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே கையெழுத்துப் போட்டாலும் முதல் ரயில் ஓடப் பல வருடம் ஆகும். அம்மாவுக்கு இப்போது 68.

ஆக, பஸ். மதுரைக்காரர்களுக்கு பஸ் புதிதில்லை. டி.வி.எஸ். பஸ் ஓடின காலத்தில் அது வருகிற நேரத்தைப் பார்த்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம், எழுபதுகளின் தொடக்கத்தில் அது அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆனது. இதில் எனக்குப் பிடித்தது அந்த நேரம் தவறாமைதான், எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தால் அம்மா அந்த நேரத்துக்குச் சரியாகக் கிளம்பி வந்து நிற்பார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை, இது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கூடவே இருந்து பார்த்தவன் நான். ஆட்டோவில் போய் வர 300 ரூபாய், அதை என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டே இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருக்கிறார், இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் படி உயரம். முட்டிவலிக்காரருக்கு அந்த முதல் படி ஒரு மலை, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்குவதற்குள் பின்னாலிருந்து "ஏறுங்க யத்தே, சீக்கிரம்" என்று குரல் வந்துவிடும், சொல்கிற பிள்ளைக்கும் வேலைக்கு நேரமாகிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. தாழ்தள பஸ் இருந்தால் இந்தத் தொல்லை பாதி போய்விடும், ஸ்டாப் மேடை அதே உயரத்தில் இருந்தால் மீதியும் போய்விடும்.

பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டால் என்ன என்று கேட்டால் எல்லோரும் டெல்லியைக் காட்டுகிறார்கள். அங்கே 2008-இல் 5.8 கிலோமீட்டருக்குப் போட்டார்கள், கார்க்காரர்களின் எதிர்ப்பில் பெயர் கெட்டது, கடைசியில் எடுத்தே விட்டார்கள். அகமதாபாத்தில் 2009-இல் ஆரம்பித்தது நிலைத்து ஓடியது. நம்மை விடச் சிறிய ஹூப்ளி-தார்வாட்கூட 2018-இல் செய்து பார்த்தது. டெல்லியில் இருக்கிற ரோட்டில் ஒரு துண்டை மட்டும் பிடுங்கி பஸ்ஸுக்குக் கொடுத்தார்கள், அதற்கு வெளியே போனதும் பஸ் மறுபடி நெரிசலில் மாட்டியது, அப்புறம் காரில் இருந்தவருக்குக் காலியாகத் தெரிந்த அந்தப் பாதை கண்ணை உறுத்தாமல் என்ன செய்யும்? மதுரையில் மாசி வீதிக்குள் தனிப் பாதைக்கு இடமே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழங்காநத்தம் முதல் காளவாசல் வரை பைபாஸ் ரோடு, கே.கே. நகர் முதல் மாட்டுத்தாவணி வரை, இங்கெல்லாம் இடம் இருக்கிறது. ஓரத்தில் நிறுத்தி வைத்திருக்கிற காரை எடுத்தால் நத்தம் ரோட்டில் பாலத்துக்குக் கீழேயும் கொஞ்சம் தேறும். உள்ளே நுழைந்ததும் சித்திரை வீதிகள் போலச் செய்யலாம், அங்கே வண்டி விடாமல் நிறுத்தினதற்காக யாரும் மீனாட்சியைப் பார்க்காமல் திரும்பிப் போகவில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு லட்சக்கணக்கான பேர் நடந்தே வருகிறார்களே, அன்றைக்கு வண்டியை நிறுத்துவதில் யாருக்கும் சங்கடம் வருவதில்லை.

சொந்த வண்டியைச் சொல்லாமல் விட்டால் பக்கத்து வீட்டு அண்ணன் கோபித்துக்கொள்வார். "நீயும் ஒரு கார் எடுத்துரு தம்பி, அம்மாவ ஏசியில கூட்டிட்டுப் போ" என்று அக்கறையோடுதான் சொல்கிறார். மழைக்கும் ராத்திரி அவசரத்துக்கும் காருக்கு ஈடில்லை, உண்மை. ஆனால் அந்தக் காரை ஓட்ட நான் லீவு போட வேண்டும், ஆஸ்பத்திரிப் பக்கம் நிறுத்த இடம் தேட வேண்டும், நான் ஊரில் இல்லாத நாளில் அம்மா வீட்டிலேயே இருக்க வேண்டும். மதுரையில் கார் இல்லாத வீடு இன்னும் நிறைய, நமக்குப் பிடித்திருக்கிற பழக்கம் பைக்கும் ஸ்கூட்டியும்தான். ரிங் ரோட்டுக்கு வெளியே பிளாட் வாங்குகிறோம், அங்கே பஸ் எப்போதாவது வருகிறது, அதனால் ஸ்கூட்டி வாங்குகிறோம், பஸ்ஸில் கூட்டம் குறைகிறது, கூட்டம் இல்லை என்று இருக்கிற டிரிப்பும் குறைகிறது, அப்புறம் மகளுக்கும் ஒரு ஸ்கூட்டி. வீட்டில் மூன்று வண்டி நின்றும் அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. அவர் ஒரு கிலோமீட்டர் போக யாருக்காவது காத்திருக்க வேண்டும்.

அதனால் என் வரிசை இது. முதலில் பஸ், அதோடு நடைபாதையும் ரோட்டைக் கடக்க வழியும், இரண்டையும் பிரித்து யோசிக்கவே கூடாது, ஏனென்றால் பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் போகும்போதோ வரும்போதோ ஒரு தடவை ரோட்டைக் கடந்தே ஆக வேண்டும். மெட்ரோவுக்கான மனுவை விடாமல் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும், அதுவரை அதே பாதையில் பஸ்ஸை நெருக்கமாக ஓட்டிக் காட்டலாம், ஆள் இருக்கிறது என்பதற்கு அதை விட நல்ல சான்று கிடைக்காது. புது மேம்பாலம் வேண்டாம், இருக்கிற பாலத்துக்குக் கீழே வேலை நிறைய இருக்கிறது. ஐயர் பங்களா ஸ்டாப்பில் தூண்களுக்கு நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு மேடை, அதற்கு இரண்டு பக்கமும் ரோட்டையே அரையடி உயர்த்தி வேகத்தடை போல ஒரு கடவை, பார்வையை மறைக்கிற தட்டிகளை எடுத்துவிட்டு ஒரு நல்ல விளக்கு. ஒரு பாலத்தின் செலவில் இப்படி நூற்றுக்கணக்கில் செய்யலாம்.

அம்மாவுக்கு அடுத்த தேதி வரும் செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவோம், ஓ.பி. திறக்கும்வரை அங்கே போய்க் காத்திருக்க வேண்டிவரும், பரவாயில்லை, அந்த நேரத்தில் ரோட்டைக் கடப்பது கொஞ்சம் லேசு.