புது வேட்டை வில்லா, கைமாறிய போட்டி வில்லா?

ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேயும் ஆளுக்கு மூன்று தங்கம் வென்ற 2023 அக்டோபரில்தான் இரு முனைகளிலும் சக்கரங்கள் உள்ள காம்பவுண்ட் வில் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். என் கையிருப்புக்குள் வந்தவை இரண்டு. ஒன்று, பெட்டி பிரிக்காத வேட்டை வில். மேல் சக்கரத்தின் அச்சிலிருந்து கீழ்ச் சக்கரத்தின் அச்சுவரை 31 அங்குலம். மற்றது, ஒருவர் நான்கு வருடம் எய்து விற்ற 38 அங்குலப் போட்டி வில். நான் பழையதை வாங்கினேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வேகம், எடை பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. வேட்டை வில் வேகமானது, கைக்கு லேசானது. ஆனால் 50 மீட்டரில் அசையாத அட்டையை அடிக்கிற நமக்கு அந்த வேகத்தால் பெரிய லாபமில்லை. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர்தான். அங்கே கை நடுங்காமல் நிற்பதுதான் கணக்கு. நீளமும் எடையும் கூடிய வில் தன் இடத்தில் தானே நிற்கும். குட்டை வில்லை முழுதாக இழுத்தால் நாண் கூர்மையாக மடங்கி முகத்தைவிட்டு விலகிப்போகும். மூக்கு நுனி நாணைத் தொடாததால் ஒவ்வொரு முறையும் தலையை ஒரே இடத்தில் வைப்பது சிரமம். நண்பருடைய வேட்டை வில்லை மூன்று மாதம் எய்தபோது எனக்கு இதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. மூன்று மாத அனுபவம்தான், என் இழுப்பு நீளமும், அதாவது நாணை முழுதாக இழுக்கும் அளவும், 29 அங்குலம். கை நீளம் குறைந்தவர்களுக்கு இது அவ்வளவாக உறைக்காது.

விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் போட்டிகளில் வில்லை இழுக்கும் விசை 60 பவுண்டுக்கு மேல் கூடாது, இலைதழை போன்ற உருமறைப்பு நிறமும் கூடாது. வேட்டை வில்கள் பல 70 பவுண்டு, பாதிக்குமேல் காட்டு நிறம். கறுப்பாகப் பார்த்து வாங்கி பவுண்டைக் குறைத்துக்கொள்ளலாம், தவறில்லை.

வேட்டை வில்லுக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு. வளரும் பிள்ளைக்கு என்றால் நான் எதிர்வாதம் செய்யமாட்டேன். டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ மாதிரி வில்லில் இழுப்பு நீளத்தை 13 முதல் 31 அங்குலம்வரை, விசையை 5 முதல் 70 பவுண்டுவரை மாற்றலாம். போட்டி வில்கள் பலவற்றில் இழுப்பு நீளத்தை மாற்ற கேமுக்கு, அதாவது முனைச் சக்கரத்துக்கு, மாட்யூல் என்கிற வேறு துண்டு தேடவேண்டும். சிலவற்றில் கேமையே மாற்றவேண்டும். பழைய மாடலாக இருந்தால் அது கிடைப்பதே கஷ்டம். அதனால் இழுப்பு நீளம் ஏற்கெனவே உங்களுக்குப் பொருந்துகிற பழைய வில்லை மட்டும் வாங்குங்கள். இரு கைகளையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்தால் உங்கள் நீளம் சுமாராக வந்துவிடும்.

இனி நாண் விஷயம். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இதுதான், வில்லின் விலை அடுத்ததுதான். சக்கரமில்லாத, நுனி முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லில் எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுவார்கள். காம்பவுண்ட் வில் இரவும் பகலும் நாணேற்றியபடியே இருக்கும். ஒரு நாணும், கேம்களில் மாட்டிய இரண்டு கேபிளும் ஓயாமல் இழுவிசையில் நிற்கின்றன. நாள்பட அவை நீளும். எல்லாம் சமமாக நீளாது. அப்போது ஒரு கேம் முந்தும், மற்றது பிந்தும். இழுப்பின் முடிவில் சுவர்போல நிற்கவேண்டிய இடம் மெத்தென்று இருக்கும். குறிபார்க்க நாணில் கோத்திருக்கும் பீப் வளையம் கண்ணுக்கு நேராக வராமல் திரும்பிக்கொள்ளும். அம்பு மேலும் கீழுமாகப் போகும். நாம் நம் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். எனக்கு அப்படியே ஒன்றரை மாதம் போனது.

இதைச் சரிசெய்ய வில்லை அழுத்திப் பிடிக்கிற பிரஸ் வேண்டும். கையால் முயலவே கூடாது. மதுரையில் எனக்குத் தெரிந்து யாரிடமும் அது இல்லாததால் இரவு பஸ்ஸில் வில்லைச் சென்னைக்குக் கொண்டுபோனேன். நாண், கேபிள், பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்து 12,000 ரூபாய். வேட்டை வில்லுக்கும் இந்தச் செலவு அப்படியே உண்டு. அதோடு, அதன் லிம்புகள், அதாவது வளையும் இரு கரங்கள், ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாகக் கிடப்பதால் எல்லாப் பிரஸ்ஸிலும் வைக்கமுடியாது. எந்த வில்லை வாங்கினாலும் முதலில் பிரஸ் வைத்திருப்பவரைக் கண்டுபிடியுங்கள்.

பழைய வில்லைப் பார்க்கப் போகும்போது கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொண்டு போங்கள். லிம்பின் ஓரங்களில் மெல்லத் தடவுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே இழை பிரிந்திருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். கேம் விளிம்பில் நெளிவு இருந்தால் அம்பில்லாமல் நாணை இழுத்து விட்ட வில்லாக இருக்கலாம். லிம்பில் ஒட்டிய ஸ்டிக்கரில் நாண், கேபிள் நீளங்கள் அச்சாகியிருக்கும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், புது நாண் செய்பவருக்கு அதுதான் ஆதாரம். நாண் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

விற்கும்போதும் போட்டி வில்லுக்கே ஆள் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டைக்கு வில் வாங்குவோர் இல்லை. மைதானத்துக்கு வருகிறவர்கள் கேட்பது நீள வில்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்ந்திருப்பதால் அவர்களும் கூடிவருகிறார்கள்.

என் வில்லுக்கு இப்போது வாரம் ஒருமுறை நாணுக்கு மெழுகு. வெயிலில் நிற்கும் காரில் வைப்பதே இல்லை. நாண் மாற்றிய தேதியைப் பெட்டியின் உள்மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டு வருடம் ஆனதும், பார்க்க நன்றாக இருந்தாலும், மறுபடி சென்னை பஸ்தான்.