இரண்டு சிம், மூன்று திரை: வாட்ஸ்அப் இணைப்பா, மேட்ரிக்ஸ் பாலமா?

வேலைக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண். வாடிக்கையாளர்கள் ஒன்றில், கோயில் குழுவும் சொந்தபந்தமும் மற்றொன்றில். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இது சகஜம். எல்லாவற்றையும் எல்லாத் திரையிலும் பார்க்க என்ன வழி?

ஃபெர்டியம் போன்ற செயலிகள் வாட்ஸ்அப், டெலிகிராம் பக்கங்களை ஒரே சன்னலில் அடுக்கித் தரும். அவ்வளவுதான். ஒவ்வொன்றும் தனி பிரவுசர் பக்கம் போல ஓடுவதால் 4 ஜிபி ராம் லேப்டாப் திணறும்.

மேட்ரிக்ஸ் என்பது சொந்த சர்வரிலேயே ஓட்டக்கூடிய திறந்த செய்திப் பரிமாற்ற முறை; வாட்ஸ்அப், டெலிகிராம் செய்திகளை அதற்குள் கொண்டுவரும் மென்பொருள்தான் பாலம். இது நிஜமாகவே ஒரே பட்டியல் தரும். வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி, அதில் மேட்ரிக்ஸுக்கான சினாப்ஸ் சர்வர், ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பாலம். ஆசை காட்டும் ஏற்பாடு. ஆனால் செய்தி பாலத்தில் பூட்டுத் திறந்துதான் மறுபக்கம் போகும். அந்தப் பெட்டியைப் பிறர் தொட முடிந்தால் மறைகுறியாக்கத்துக்கு அர்த்தமில்லை. லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு வேறு. ராஸ்பெர்ரி பையும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் என்றால் இரண்டரை மணி நேர மின்வெட்டுக்கு 37.5 வாட்-மணி வேண்டும். 8800 எம்ஏஎச் என்று அச்சிட்ட மினி யுபிஎஸ்ஸில் 3.7 வோல்ட் கணக்குப்படி 32.5 வாட்-மணிதான் இருக்கிறது; பாதியிலேயே அணையும். திடீரென அணைந்தால் எஸ்டி கார்டில் உள்ள தரவுத்தளம் கெடலாம், எஸ்எஸ்டி போடுங்கள். மின்வெட்டு தணிந்த காலத்தில் இது சிலருக்குப் பெரிதாகப் படாது.

என் சாய்வு வாட்ஸ்அப்பே தரும் சாதன இணைப்பு வசதியின் பக்கம்தான். காரணம் பராமரிப்பு. பாலமும் வாட்ஸ்அப்பின் கண்ணுக்கு இன்னொரு இணைப்புச் சாதனமே. முதன்மை போனில், அதாவது எண்ணைப் பதிந்த போனில், 14 நாளுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் பாலம் உட்பட எல்லாமே வெளியேற்றப்படும். அந்தத் தலைவலி இரண்டிலும் ஒன்றுதான்; சர்வரைக் கட்டி அழுவது மட்டும் மிச்சம்.

ஒரு கணக்குக்கு முதன்மை போன் போக நான்கு சாதனம். இரண்டாவது போனில் பலரும் எண்ணைத் தட்டிப் பதிவு செய்துவிடுகிறார்கள். உடனே முதல் போன் வெளியேறிவிடும். எண் கேட்கும் திரையில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, துணைச் சாதனமாக இணைக்கும் வழியைத் தேர்ந்து, வரும் க்யூஆரை முதல் போனால் ஸ்கேன் செய்யவேண்டும். ஆண்ட்ராய்டில் இரண்டு எண்ணும் ஒரே செயலியில் நிற்கும். கணினியில் குரோமில் எண்ணுக்கொரு புரொஃபைல் திறந்தால் குழப்பமில்லை.

உயிர்நாடி சிம்தான். புழங்காத ப்ரீபெய்ட் எண்ணைக் கம்பெனி எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவர் அதே எண்ணில் வாட்ஸ்அப் பதிந்தால் உங்கள் கணக்கு போனது போனதுதான். இரண்டாவது சிம்மில் அவ்வப்போது ஏர்டைம் போட்டு ஓர் அழைப்பாவது செய்யுங்கள். இருபடிச் சரிபார்ப்பின் 6 இலக்கப் பின்னை இரண்டு கணக்குக்கும் வையுங்கள், மீட்பு மின்னஞ்சலோடு. மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போன் முதன்மையாக இருந்தால், ஞாயிறுதோறும் சார்ஜ் ஏற்றி வாட்ஸ்அப்பை ஒருமுறை திறந்தால் போதும்.