பொலிகாளைக்கு எதைப் பார்ப்பது: சுழியா, பதிவு நோட்டா, மரபணு சிப்பா?

போன வருஷம் ஐப்பசியில், பத்து நாள் இடைவெளியில், எங்கள் கொட்டிலில் இரண்டு உம்பளச்சேரிக் காளைக்கன்றுகள் பிறந்தன. பிறக்கும்போது இரண்டும் செவலை. ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறின. ஒன்றுக்கு நெற்றியில் பொட்டு வைத்தாற்போல் வெள்ளைச் சுட்டி, நான்கு காலிலும் வெள்ளை, வால் குஞ்சமும் வெள்ளை. மற்றதற்குச் சுட்டி கலங்கிப் போயிருந்தது. ஒன்றைப் பொலிகாளையாக, அதாவது இனவிருத்திக்கு, வைத்துக்கொண்டு இன்னொன்றை விற்க வேண்டும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் இதற்கெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. பெரியப்பா வந்து கலங்கல் சுட்டிக் கன்றின் முதுகைத் தடவினார். "இதுல இறங்கு பூரான் இருக்கு தம்பி. இத வச்சிக்கிட்டு அத விப்பாங்களா யாராச்சும்?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பூரான் என்பது முதுகில் பூரான்போல நீளும் சுழி, அது இறங்கினால் ஆகாது என்பார்கள். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கும் கன்று வளர்வதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதே பெரியப்பா கன்றை நடக்கவிட்டுப் பார்ப்பாரே, அதை நான் தள்ளமாட்டேன். முன்கால் மிதித்த தடத்தில் பின்கால் விழுகிறதா, குளம்பு விரியாமல் இறுகி இருக்கிறதா, விதை இரண்டும் சமமாக இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். சேற்றுழவுக்கென்றே பெயரெடுத்த இனம் இது. குளம்பு விரிந்த மாட்டுக்கு நம் களிமண்ணில் காலைப் பிடுங்கி வைப்பதே பெரும்பாடு. இந்த விஷயத்தில் பழகின கண்ணுக்கு ஈடு இல்லை. தொட்டுத் தெரிந்துகொள்ள முடியாததைக் கேட்கும்போதுதான் கண் தோற்கிறது. இதன் மகள்கள் எப்போது சினை பிடிக்கும், பேரக் கன்றுகள் என்ன எடை ஏறும் என்பதெல்லாம் தோலுக்கு மேலே தெரியாது.

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளில் இதற்குப் பதிவு நோட்டைத்தான் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் 'பிரீட்பிளான்' என்ற மதிப்பீட்டு முறை 1985இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஆங்கஸ் இன மாட்டுப் பண்ணைகளில் பிறந்த எடை, தாயிடமிருந்து பிரிக்கும்போது 205 நாள் கணக்குக்குச் சரிசெய்த எடை, 365 நாள் எடை என்று வரிசையாக எழுதிவைப்பார்கள். இதில் எனக்குப் பிடித்தது எடை போடுவது அல்ல, யாரை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. ஒரே பருவத்தில் பிறந்து ஒரே மேய்ச்சலில் வளர்ந்த கன்றுகளுக்குள்ளேதான் போட்டி. மற்றபடி ஒப்பிட்டால் அது மாட்டின் தரமல்ல, தீவனத்தின் தரம்.

டெல்டாவில் இது இன்னும் முக்கியம். தையில் சம்பா அறுக்கும் முன்பே வயலில் உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். அது நிற்கும்வரை மாடு கட்டுத்தறியில்தான். பங்குனி, சித்திரையில் உளுந்து எடுத்த பிறகுதான் அவிழ்த்துவிட முடியும். ஐப்பசிக் கன்றையும் சித்திரைக் கன்றையும் பக்கத்தில் நிறுத்தி "எது பெருசு?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

எடை மேடை இல்லையே என்பீர்கள். டெய்லர் டேப் போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டம் வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் பவுண்டு, அதை 2.2ஆல் வகுத்தால் கிலோ. கலங்கல் சுட்டிக்குச் சுற்றளவு 46, நீளம் 40. கணக்கில் 128 கிலோ வந்தது. வெள்ளைச் சுட்டிக்கு நீளம் அதே 40, சுற்றளவு 44, எடை 117. டேப் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஒரே கை, ஒரே டேப், ஒரே காலை நேரம், தண்ணீர் காட்டும் முன் என்றால் ஒப்பீட்டுக்குப் போதும்.

நோட்டின் பலவீனம் காலம். ஒரு காளையின் மகள்களை வைத்து அதை எடைபோட வேண்டுமானால், அது பருவத்துக்கு வந்து, மகள் பிறந்து, அந்தக் கிடேரி மூன்றரை, நான்கு வயதில் தலையீத்து ஈன்று, பால் கறந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் காளைக்கே வயதாகிவிடும். சினைப்பிடிப்பு போன்ற குணங்கள் பரம்பரையில் மிகக் கொஞ்சமாகத்தான் இறங்கும். அவற்றை ஒன்றிரண்டு மாட்டை வைத்து முடிவு செய்யவே முடியாது. வளர்ச்சி அப்படியல்ல, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பரம்பரைதான்.

இந்தக் காத்திருப்பை உடைக்கத்தான் மரபணு சிப் வந்தது. வால் முடியை வேரோடு கொஞ்சம் பிடுங்கி அனுப்பினால், பிறந்த கன்றிலேயே ஆயிரக்கணக்கான இடங்களில் மரபணு எழுத்துகளைப் படித்துவிடுகிறார்கள். இதற்கான கணக்கு முறை 2001இல் வெளியானது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு 2009 ஜனவரியில் அதிகாரப்பூர்வ மதிப்பீடாகவே வந்துவிட்டது. நம் நாட்டு இனங்களுக்காக ஹைதராபாத்தில் உருவான 'இண்டிகாவ்' சிப் 2021இல் வந்தது. 11,496 குறிகளைப் படிக்கும். 2024 அக்டோபரில் 'கௌ சிப்' வெளியிடப்பட்டது.

சரி, அப்படியானால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சிப்புக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும், பொருள் தெரியாது. எந்த எழுத்து இருந்தால் எடை கூடும் என்ற அகராதியை, எடையும் ஈத்தும் பதிவான ஆயிரக்கணக்கான மாடுகளை வைத்துத்தான் தயாரிக்க முடியும். ஆங்கஸ் அகராதி ஆங்கஸுக்கு. திமிலுள்ள உம்பளச்சேரிக்கு அதைத் தூக்கி வைத்தால் பலன் தராது. ஆக, சிப்புக்கும் நோட்டுக்கும் போட்டியே கிடையாது. நோட்டு இல்லாத இடத்தில் சிப் வெறும் ஊமை. (பாலில் உள்ள ஒரு புரதத்தின் வகையைச் சொல்லும் 'ஏ2' சோதனையைக் காட்டிக் காளையின் விலையை ஏற்றுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அது ஒரே ஒரு மரபணு. பால் எவ்வளவு என்று அது சொல்லாது.)

இறைச்சி மாட்டுக்காரர்கள் பட்ட இன்னொரு பாட்டையும் சொல்ல வேண்டும். வளர்ச்சியை மட்டும் பார்த்துக் காளை தேர்ந்தெடுத்தால் பிறந்த எடையும் கூடவே ஏறும், கன்று ஈன முடியாமல் பசு தவிக்கும். ஒற்றை மரபணு மாற்றத்தால் சதை இரட்டித்த பெல்ஜியன் புளூ பசுக்களுக்குப் பெரும்பாலும் அறுவை செய்துதான் கன்றை எடுக்கிறார்கள். அதனால்தான் ஈனும் எளிமைக்குத் தனி மதிப்பெண் வைத்தார்கள்.

என்னைக் கேட்டால், டெல்டாவில் மரபணு சோதனைக்கு இன்றைக்கே இருக்கும் வேலை தரத்தைக் கணிப்பது அல்ல, தகப்பன் யாரென்று சொல்வது. கிடை மாட்டில் மூன்று காளை சேர்ந்து மேய்ந்தால், பிறக்கும் கன்று யாருடையது என்று யாருக்குத் தெரியும்? தகப்பன் பெயர் இல்லாத நோட்டு பாதி நோட்டுதான். ஒரே காளை ஆறேழு வருஷம் ஊரில் நின்றால் தன் மகள்கள் மேலேயே விழும். அந்த உறவுக் கலப்பையும் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். கொருக்கை அரசுப் பண்ணையிலிருந்து வேறு வழி வந்த காளையை எப்போது கொண்டுவருவது என்பதை அப்புறம் தெளிவாக முடிவு செய்யலாம்.

கடைசியில் நான் கலங்கல் சுட்டியை வைத்துக்கொண்டேன். எடை ஒரு காரணம். அதன் தாய் நான்கு ஈத்தையும், ஒன்றுக்கொன்று பதினான்கு மாத இடைவெளிக்குள், ஈன்றவள் என்பது இன்னொன்று. சினைப்பிடிப்பு அவ்வளவாகப் பரம்பரையில் இறங்காது என்று மேலே நானேதான் எழுதியிருக்கிறேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை. நடையும் குளம்பும் இரண்டுக்கும் ஒன்றுபோல்தான், பெரியப்பாவே ஒத்துக்கொண்டார்.

வெள்ளைச் சுட்டியைத் தலைஞாயிறு பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பொலிகாளைக்கென்றே வாங்கிப் போனார். நோட்டை நீட்டினேன். "அதெல்லாம் எதுக்குண்ணே, நெத்தியப் பார்த்தாலே தெரியுதே" என்று சொல்லி, நான் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்தார்.